பவுனு படுத்த இடம்

நீலிப்பாறை எஸ்டேட்டின் இரண்டாம் டிவிஷனில், தென்மேற்கு மழை இறங்கி ஒன்பதாம் நாள், சுடலைவடிவு தன் நாயை ஆபரேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு சாக்குப்பையில் திரும்பக் கொண்டுவந்தாள். அதற்கு மூன்றாம் நாள் காலையில், அந்த நாய் ஐந்து வருஷமாகச் சுருண்டு படுத்திருந்த கதவோரத்துச் சிமெண்டுத் தரை, ஒரு சுளகு அகலத்துக்கு, வயிற்றோடு கட்டியிருந்து அவிழ்த்த துணிபோல வெதுவெதுப்பாக இருந்தது.

முதலில் கண்டது பக்கத்து வீட்டு எஸ்தர். வடிவு மூன்று நாளாக அடுப்புப் பற்றவைக்கவில்லை என்று கஞ்சி கொண்டுவந்தவள், மழையில் விறைத்த காலைத் தெரியாமல் அங்கே ஊன்றினாள். ஊன்றியவள் எடுக்கவில்லை. ஒரு கால் காய்ந்ததும் மறு காலை மாற்றி வைத்தாள். கஞ்சிச் சட்டியைக் கையில் ஏந்தியபடி கொக்குபோல நின்று இரண்டு காலும் சூடேறிய பிறகுதான் கதவைத் தட்டினாள்.

"வடிவக்கா, பவுனு எந்திரிச்சுப் போன இடம் இன்னும் ஆறலியே."

நாய் இப்போதுதான் எழுந்து தெருப்பக்கம் போனதுபோல அவள் அதைச் சொன்னாள். வடிவு வெளியே வந்து குனிந்து உள்ளங்கையை வைத்தாள். ஆனி மாதத்து மழையில் மலைமேல் சிமெண்டு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஐஸ் கட்டிபோல இருந்தது. எஸ்தர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமா," என்றாள் வடிவு. "சூடாத்தான் இருக்கு."

அந்த நாய்க்கு நோய் எதுவும் இல்லை. இரண்டு ஈற்றில் பதினோரு குட்டி போட்டது, பதினொன்றையும் சிறுத்தை தூக்கிக்கொண்டு போனது. ஒவ்வொரு முறையும் ஒரு வாரத்துக்குள், ஒன்றன்பின் ஒன்றாக, தேயிலைக்குள்ளிருந்து வந்து எடுத்துக்கொண்டு தேயிலைக்குள்ளேயே போய்விடும். குட்டி போனபிறகு பவுனு பத்து நாள் வரைக்கும் மடியில் பால் கட்டி, வீடு வீடாக முகர்ந்துகொண்டு திரியும். இனி இந்தப் பாடு அதற்கு வேண்டாம் என்று தீர்மானித்தது வடிவுதான். வேறு யாரும் சொல்லவில்லை. கணவன் செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது, மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான், யாரையும் கேட்கவேண்டிய தேவை அவளுக்கு இல்லை. டவுன் பஜாரில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் அருளப்பனிடம் தானே போய் நாள் கேட்டாள். கருப்பையை எடுத்துவிடலாம், ஒரு மணி நேர வேலை என்றார். முதல் நாள் சாயங்காலத்திலிருந்து வயிற்றில் எதுவும் இருக்கக் கூடாது, காலையில் தண்ணீரும் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

ஆபரேஷன் அன்றைக்குக் காலையில் பால் ஜீப்புக்குக் காத்துக்கொண்டு டீக்கடை வாசலில் நின்றபோது பவுனு அவள் முழங்காலில் தாடையை வைத்தது. தினமும் அந்த நேரத்துக்கு அவள் பொறை ரொட்டியை டீயில் நனைத்துப் பாதியை அதற்குக் கொடுப்பாள். அன்றைக்கும் கொடுத்தாள். மறந்துபோய்க் கொடுக்கவில்லை. டாக்டர் சொன்னது நினைவில் இருந்தது. அரைப் பொறை என்ன செய்துவிடும் என்றுதான் கொடுத்தாள்.

கிளினிக்கில் டாக்டர் ஏதாவது சாப்பிட்டதா என்று கேட்டார். பச்சைத்தண்ணிகூடக் குடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். வெளி பெஞ்சில் உட்கார்ந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். உள்ளே ஏதோ தட்டு விழுந்தது, யாரோ எண்ணுவது கேட்டது, பிறகு நெடுநேரம் எதுவும் கேட்கவில்லை. டாக்டர் வந்தபோது அவர் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. முழித்துக்கொள்ளவில்லை அம்மா, மூச்சு நின்றுபோய்விட்டது, எவ்வளவோ அமுக்கிப் பார்த்தேன் என்றார். அவரே அதைத் தூக்கிக்கொண்டு மழையில் நனைந்து ஜீப் வரைக்கும் வந்தார். வடிவு சாக்கை விரித்து வாங்கிக்கொண்டாள். லைன் வீடுகளுக்குப் பின்னால் சில்வர் ஓக் மரத்தடியில் குழி வெட்டி, பன்றி தோண்டாமல் இருக்கக் கல் அடுக்கினார்கள்.

தரை சூடான செய்தி அன்றைக்கு மத்தியானக் கொழுந்து நிறுப்பதற்குள் டிவிஷன் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆச்சரியப்பட அவர்களுக்கு நேரமில்லை, ஏனென்றால் அந்த மழையில் மாவு புளிக்காமல் நாலு நாளாக எல்லா வீட்டிலும் கல்லுபோலத் தோசை தின்றுகொண்டிருந்தார்கள். எஸ்தர் முதலில் தன் மாவுப் போசியைக் கொண்டுவந்து வைத்தாள். சாயங்காலம் வைத்த மாவு காலையில் பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. மறுநாள் ஆறு போசி வந்தது. அதற்கு அடுத்த நாள் தயிருக்கு உறை ஊற்றிய சொம்புகள் வந்தன, பிள்ளைகளின் ஈர யூனிபார்ம்கள் வந்தன, அடைகாக்காமல் எழுந்து போன கோழியின் முட்டைகள் ஒரு தொப்பியில் வந்தன, முழங்கால் வாதக்காரர்கள் நாற்காலி போட்டுக் காலை நீட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். இடம் ஒரு சுளகு அகலம்தான், கேட்கிறவர்கள் நாற்பது வீடு என்று ஆனபோது எஸ்தர் ஒரு கரித்துண்டை எடுத்துச் சுவரில் முறை எழுதினாள். இன்ன வீட்டுக்கு இன்ன கிழமை, நோயாளிக்கு எப்போதும் முதலிடம், சண்டை போடுகிறவருக்கு ஒரு வாரம் கிடையாது.

யாரோ குங்குமம் வைத்தார்கள். யாரோ மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். எஸ்தர் இரண்டையும் துடைத்துப்போட்டுவிட்டு, இது சாமியும் இல்லை, ஜெபமும் இல்லை, நாய் படுத்த இடம், யாரும் பெயர் வைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எஸ்டேட் எலக்ட்ரீஷியன் டெஸ்டரோடு வந்து நாலு மூலையும் குத்திப் பார்த்து, கரண்டு கசிவு இல்லை என்று நோட்டில் எழுதிக்கொண்டு போனார். கடைசியில் மேனேஜரே வந்தார். குனிந்து தொட்டார், சுற்றிலும் பார்த்தார், பூட்ஸையும் காலுறையையும் கழற்றிவிட்டுக் காலை வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தார். போகும்போது, இதை மேலே எழுதவேண்டாம், எழுதினால் சிமெண்டைப் பெயர்த்துப் பார்க்க ஆள் அனுப்புவார்கள் என்று மட்டும் கிளார்க்கிடம் சொன்னாராம்.

ஆடி பிறந்ததும் நாலாம் வீட்டில் ஏழாம் மாதத்திலேயே ஒரு பெண்குழந்தை பிறந்தது. உள்ளங்கை நீளம், அழக்கூடத் தெம்பில்லை. எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸம்மா, அதை டவுன் ஆஸ்பத்திரியில் காட்டிக்கொண்டு வந்தபின், இனிச் சூடு விடாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம் என்றார். அன்றிலிருந்து மத்தியானம் ஒரு மணியிலிருந்து மூன்று வரைக்கும் அந்த இடம் குழந்தைக்கு என்று ஆனது. பழைய சேலையை நாலாக மடித்து விரித்து அதன்மேல் படுக்க வைத்தார்கள். குழந்தை கைகால் விரித்துத் தூங்கியது, வாரத்துக்கு வாரம் கன்னத்தில் சதை வைத்தது. அதன் தாய் வடிவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உங்க பவுனு இல்லேன்னா எம்புள்ள இல்லக்கா," என்றாள்.

வடிவு கையை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

அவளுக்கு மட்டும் அது சூடாகவே இல்லை. விடிந்ததும் கதவைத் திறந்து கை வைத்துப் பார்த்தாள், கூடையை இறக்கிவிட்டு வந்து பார்த்தாள், புறங்கையால் பார்த்தாள், கன்னத்தால் பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை லைன் முழுக்க ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, போசிகளை ஓரமாக நகர்த்திவிட்டு, நாய் படுத்ததுபோலவே முழங்காலை மடக்கிச் சுருண்டு படுத்துப் பார்த்தாள். குளிர் விலாவுக்குள் இறங்கியது. பல் கிட்டும்வரை கிடந்துவிட்டு எழுந்து போசிகளை இருந்த இடத்திலேயே வைத்தாள். பவுனுவுக்குத் தன்மேல் கோபம் என்று அவள் நினைக்கவில்லை. அதற்குக் கோபப்படத் தெரியாது. தான் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றுதான் கைக்கும் தரைக்கும் நடுவே கிடக்கிறது என்று நினைத்தாள். கேட்கிறவர்களிடமெல்லாம், ஆமா, நல்ல சூடு என்றாள்.

இது ஒரு பக்கம் இப்படி நடக்க, மறு பக்கம் டிவிஷன் முழுக்கச் சேர்ந்து டாக்டர் அருளப்பனை ஒதுக்கிவைத்தது. யாரும் கூட்டம் கூட்டித் தீர்மானிக்கவில்லை. நன்றாக இருந்த நாயைக் கொன்றவன் என்று ஒருவர் சொன்னார், பத்துப் பேர் சொன்னார்கள், தரை சூடாக ஆக அந்தப் பேச்சும் சூடானது. இத்தனை பேருக்கு உதவுகிற நாயைக் கொன்றவன் என்றால் அவன் எப்பேர்ப்பட்டவனாக இருக்கவேண்டும். ஆட்டுக்குக் கழிச்சல் என்றால் பச்சிலை அரைத்தார்கள். பஜாருக்குப் போனால் அவர் கிளினிக் இருந்த பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கமாக நடந்தார்கள். அவர் தாங்கள் இருக்கும் பக்கமே பார்ப்பதில்லை என்றும், இப்போதெல்லாம் கத்தி எடுப்பதில்லை, ஊசி போடுவதோடு சரி என்றும் சொல்லிக்கொண்டார்கள். அதைக் கேட்டபோதெல்லாம் வடிவு கொழுந்தைப் பார்த்துக் கொழுந்தைப் பறித்தாள்.

ஆவணி நடுவில் தாசையனின் பசுவுக்குக் கன்று குறுக்கே திரும்பிவிட்டது. தாசையன் அதே லைனில் கடைசி வீட்டுக்காரர், தேயிலைக்கு மருந்தடிக்கிறவர், அதிகம் பேசாதவர். காலையிலிருந்து பசு முக்கிக்கொண்டு கிடந்தது. டவுன் டாக்டரைக் கூப்பிடலாம், பதினோரு கிலோமீட்டர்தானே என்று எஸ்தரின் புருஷன் சொன்னபோது, தாசையன் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். மூன்று மணிக்குக் கன்று போனது, நாலரைக்குப் பசு போனது. இருட்டுவதற்கு முன் அவர் வடிவின் வீட்டு வாசலுக்கு வந்தார். கையெல்லாம் கழுவியும் போகாத ரத்தம்.

"ஒம் பவுனுவக் கொன்ன கையில எம் மாட்டக் குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன், வடிவு," என்றார். சீர் செய்ய வந்தவர் தட்டை நீட்டுவதுபோல அதை அவளிடம் சொன்னார். பிறகு அந்த இடத்தில் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு, சூடு ஏறும்வரை உட்கார்ந்திருந்து, எழுந்து போனார்.

அந்த வாரம் வடிவு, காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டபோது இரண்டு நாள் பதில் சொல்ல மறந்தாள். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கு டவுனுக்குப் போனாள்.

கிளினிக் திறந்திருந்தது, டாக்டரைத் தவிர யாரும் இல்லை. அவர் ஒரு கோழிக்குக் கால் கட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கட்டிய துணி அவிழ்ந்து கோழி மேசைமேல் நொண்டியது. அவள் உட்காரவில்லை.

"சார், அன்னிக்கிக் காலைல நான் அதுக்குப் பொறை குடுத்தேன். டீயில நனைச்சு, பாதிப் பொறை. நீங்க கேட்டப்ப இல்லேன்னேன்."

டாக்டர் கோழியைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். பரவாயில்லை என்று சொல்வார் என்று அவள் எதிர்பார்த்தாளா, அதனால்தான் செத்தது என்று சொல்வார் என்று எதிர்பார்த்தாளா என்பது அவளுக்கே தெரியாது. அவர் இரண்டும் சொல்லவில்லை. எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டார். ஆறு, ஆறேகால் என்றாள். அவர் கோழியின் காலைத் திரும்பக் கட்டி முடித்தார். பிறகு, உங்கள் லைனுக்கு நானும் வரலாமா என்று கேட்டார்.

பத்து மணி பஸ்ஸில் இருவரும் இறங்கி நடந்து வந்ததை லைனே பார்த்தது. ஞாயிற்றுக்கிழமையாதலால் வாசல் நிறையப் போசியும் பெண்களும். தாசையனும் நாற்காலியில் இருந்தார். டாக்டரைக் கண்டதும் பேச்சு அறுந்தது, ஒருத்தி தன் சொம்பை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். வடிவு அவர்கள் நடுவில் நின்று, டாக்டரிடம் சொன்னதை அதே வார்த்தைகளில் சொன்னாள். பொறை கொடுத்ததையும் சொன்னாள், கேட்டபோது இல்லை என்று சொன்னதையும், இவரை எல்லோரும் ஏசியபோது தான் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சொன்னாள். கடைசியில் தாசையனைப் பார்த்து, "ஒங்க மாடும் அதனாலதான் போச்சு அண்ணே," என்றாள்.

சொம்பை எடுத்தவள் அதைத் திரும்பக் கீழே வைத்தாள்.

"அரைப் பொறைதானக்கா," என்றாள் எஸ்தர் சன்னமாக.

"அரைப் பொறைதான்," என்றாள் வடிவு.

தாசையன் நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினார். மற்றவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இத்தனை நாள் ஒரு ஆளை ஏசிப் பழகியிருந்தார்கள். இப்போது ஏசவேண்டிய ஆள் மாறிவிட்டது என்று புரிந்தது, ஆனால் அவள் வாசலில் அவர்களுடைய மாவு பொங்கிக்கொண்டிருந்தது. எஸ்தர்தான் டாக்டருக்கு வழி விட்டாள். வந்தது வந்தீங்க, தொட்டுப் பாருங்க சார் என்றாள்.

டாக்டர் மண்டியிட்டு உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"எப்பிடி இருக்கு சார்?"

"நல்ல சூடு," என்றார் அவர். சொல்லிவிட்டு எழுந்தவர், அந்தக் கையைக் கம்கட்டுக்குள் வைத்து இறுக்கிக்கொண்டார். மற்றவர்கள் அதைக் கவனிக்கவில்லை. இரண்டு மாதமாக அதே பொய்யை அதே குரலில் சொல்லிக்கொண்டிருந்த வடிவு கவனித்தாள். அவள் குனிந்து தன் கையையும் வைத்துப் பார்த்தாள். சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லியாயிற்று, இனிச் சுடும் என்று நினைத்திருந்தாள். சில்லென்றே இருந்தது.

பஸ் நிறுத்தம் வரைக்கும் அவரோடு நடந்தாள். தேயிலைக்கு நடுவே மூடுபனி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பாலத்துக்கு அருகில் வந்ததும் கேட்டாள்.

"ஒங்களுக்கும் குளுந்துதான கெடந்துச்சு?"

அவர் மறுக்கவில்லை. நின்று குடையை மடக்கினார், மழை நின்றிருக்கவில்லை.

"எடை பாக்குற மெஷின் அன்னிக்கி வேலை செய்யலம்மா," என்றார். "கண்ணாலயே பாத்துப் பத்தொம்பது கிலோன்னு எழுதி, அதுக்கு மருந்து ஏத்துனேன். தூக்கிட்டு ஜீப்புக்கு வந்தேன் பாருங்க, அப்பதான் கைக்குத் தெரிஞ்சது. பதினஞ்சுகூட இருக்காது."

எது அதைக் கொன்றது என்று அவள் கேட்டாள். பொறை மூச்சுக்குழலில் ஏறியிருக்கலாம், மருந்து கூடிப்போயிருக்கலாம், இரண்டும் இல்லாமல் அதன் நெஞ்சிலேயே ஏதாவது இருந்திருக்கலாம் என்றார் அவர். அன்றைக்கே அறுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், பார்க்கப் பயந்துதான் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன் என்றார். இனித் தெரிய வழியில்லை. பஸ் வந்தது. ஏறப்போனவர் திரும்பி வந்து, இதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள் என்றார். நீங்களே வந்து சொல்லுங்கள் சார் என்றாள் வடிவு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து சொன்னார்.

இரண்டு பேரையும் சேர்த்து ஏசினார்கள். தாசையன் ஏசவில்லை, வடிவோடு பேசவும் இல்லை, ஐப்பசிவரை பேசவில்லை. ஒரு நாள் கொழுந்துக் காட்டில் அவளுடைய கழுத்தில் அட்டை ஏறியிருப்பதைப் பார்த்துவிட்டு, அட்டை என்று சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். அதன்பின் தேவைக்குப் பேசிக்கொண்டார்கள். அவர் மறுபடி மாடு வாங்கவில்லை. மாவு முறை மட்டும் ஒரு நாள்கூட நிற்கவில்லை. ஏசுவது வேறு, மாவு வேறு என்று எஸ்தர் சொல்லிவிட்டாள்.

கார்த்திகையில் எஸ்தரின் வெள்ளாட்டுக்கு வயிற்றில் பிளாஸ்டிக் அடைத்துக்கொண்டது. அறுத்துத்தான் எடுக்கவேண்டும். ஆட்டைக் கொண்டுபோகும்போது எஸ்தர் வடிவையும் கூட வரச்சொன்னாள். டாக்டர் கிளினிக்கில் புது எடை மெஷின் இருந்தது. ஆட்டை மூன்று தடவை நிறுத்தி மூன்று தடவையும் எழுதினார். கை நடுங்குகிறது என்று அவரே சொன்னார். நடுங்கட்டும் சார், நிறுத்தாதீங்க என்றாள் வடிவு. அவளையே தலைமாட்டில் நின்று மூச்சை எண்ணச் சொன்னார். அவள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று வயிறு ஏறி இறங்குவதை ஒன்றேகால் மணி நேரம் விடாமல் எண்ணினாள். ஆடு கண் திறந்து, தலையைத் தூக்க முடியாமல் தூக்கி, அவள் முந்தானையைக் கடித்து மெல்லத் தொடங்கியது. அதை விடுவிக்கத் தோன்றாமல் அப்படியே நின்று அவள் அழுதாள். பவுனு செத்ததிலிருந்து அவள் அழுதது அதுதான் முதல் தடவை. டாக்டர் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

மாசியில், லைனில் காலியாகக் கிடந்த வீட்டுக்கு ஜார்க்கண்டிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அந்தப் பெண் பெயர் சுகந்தி டோப்போ. கைக்குழந்தையும் இருபது முப்பது தமிழ் வார்த்தைகளும் வைத்திருந்தாள். பனி விழுந்து தேயிலை கருகிய ஒரு காலையில், குழந்தையின் ஈரத்துணிகளைக் கையில் வைத்துக்கொண்டு, மற்றவர்களெல்லாம் அந்த வாசலில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தபடி நின்றாள். வடிவு கதவைத் திறந்துகொண்டு வந்தாள். வழக்கம்போலக் குனிந்து கை வைத்தாள், வழக்கம்போலச் சில்லென்றிருந்தது. எடுத்துக்கொண்டாள்.

"அக்கா, இங்க... சூடு?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றாள் வடிவு. "எனக்குச் சுடாது. எல்லாரும் சுடுதுன்னு சொல்றாங்க."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. வடிவு அவள் கையிலிருந்த துணிகளை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, விறைத்துப்போயிருந்த அந்த விரல்களைப் பிடித்துக் கீழே கொண்டுபோய்த் தரையில் வைத்து, மேலே தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு, தரையைப் பார்க்காமல், அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.